தூண்டில் கடையில் கொண்டல் காற்று

மீன் பிடிக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் காற்றுதான் முதலாளி. கவுண்டரில் நிற்கிற நாங்கள் அது சொல்கிற நேரத்துக்குக் கதவைத் திறந்து மூடுகிறவர்கள்.

எண்பத்தைந்தில், எண்பத்தாறில் ரொறன்ரோவுக்கு வந்து, கிடைத்த முதல் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கோப்பை கழுவியிருப்பீர்கள். சிலர் கோழித் தொழிற்சாலையில் நின்றிருப்பீர்கள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அதையெல்லாம் 'ஒரு கொம்பனியில் வேலை' என்று முடித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். என்னுடைய கொம்பனி ஸ்காபரோவின் தெற்குப் பக்கம், ஏரிக்கு இறங்குகிற தெருவில் இருந்த ஒரு தூண்டில் கடை. நான் அங்கே மண்புழு விற்றேன்.

கடைக்காரி ஹெல்கா எஸ்தோனியா நாட்டுக்காரி. அறுபது வயது, விதவை. யன்னலில் 'ஆள் தேவை' என்ற மட்டையைக் கண்டு, ஏதோ விளையாட்டுச் சாமான் விற்கிற இடம் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: ஊசியில் நூல் கோர்க்கத் தெரியுமா? தெரியும் என்றேன். மறுநாள் பின்னறையில் இருத்தி, சாயம் போட்ட மீன் சினையை ஒரு சட்டியில் முன்னால் வைத்தாள். அதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வலைத்துணியில் வைத்து, இளஞ்சிவப்பு நூலால் சின்ன மூட்டையாகக் கட்ட வேண்டும். தூண்டிலில் குத்துகிற இரை அது. யோகேஸ்வரி என்ற என் பெயரையும் அன்றைக்கே யோகா என்று நறுக்கிவிட்டாள். நான் முட்டைகூட வாங்காத வீட்டில் வளர்ந்தவள்.

கரண்டி

முதல் கிழமை. ஹெல்கா வங்கிக்குப் போயிருந்தாள். மழையில் தோய்ந்த பெரிய மனிதர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வெள்ளி நிறத்தில் ஸ்பூன் இருக்கா? காற்று எழும்புகிறது, சீக்கிரம்" என்றார். பாவம், எங்கேயோ சாப்பாட்டை வைத்துக்கொண்டு கரண்டி இல்லாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். பின்னறைக்கு ஓடி, ஹெல்கா தேத்தண்ணி கலக்குகிற கரண்டியைக் கழுவித் துடைத்து, ஒரு சின்னப் பீங்கானில் வைத்து, பக்கத்தில் கடதாசித் துவாயும் மடித்து வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க வளைந்த தகடுகள், கரண்டித் தலை மாதிரி, முள்ளோடு தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் இழுத்தால் சின்ன மீன் மாதிரி மின்னுகிற பொய் இரை. அதற்குப் பெயர்தான் ஸ்பூனாம். எனக்குக் காது சுட்டது. அந்த மனிதர் தேத்தண்ணிக் கரண்டியைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் பாரம் குறைவு. ஆனால் பசித்த சமன் மீன் என்றால் இதையும் கடிக்கும்."

தீவுக்காரி

இலையுதிர் காலத்தில் ஏரியில் கிழக்குக் காற்று எழும்பும். நாங்கள் ஊரில் கொண்டல் என்கிற அதே திசைதான். இரண்டு நாள் விடாமல் அடித்தால் ஏரி கடலாகிவிடும். கரையிலுள்ள களிமண் மேடுகளைக் கரைத்துத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அந்த நாட்களில் கடையில் ஆள் இராது. ரெலிபோன் மட்டும் ஓயாது. 'காற்று விழுந்துவிட்டதா, பியரில் நிற்கலாமா' என்று கேட்பார்கள். ஏரிக்குள் நீண்டு கிடக்கிற கொங்கிறீட் அணையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாமல், விடிந்ததும் விடியாததுமாக இத்தனை பேர் குடிக்கிற பியர் தேடுகிறார்களே என்று நான் முகம் சுளித்திருக்கிறேன்.

ஹெல்கா வருகிறவர்களிடமெல்லாம் "யோகாவைக் கேளுங்கள், அவள் தீவில் பிறந்தவள்" என்று சொல்லத் தொடங்கினாள். நான் கோப்பாய்க்காரி. வெங்காயமும் புகையிலையும் விளைகிற செம்மண் ஊர். கடலைக் கண்டதெல்லாம் பஸ் யன்னலால்தான். காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது எந்தப் பக்கம் உடுப்புக் காயும் என்பது மட்டும். ஒருநாள் பிறம்ரனிலிருந்து லொறி ஓட்டுகிற இரண்டு பேர் வந்து, காற்று எப்போது திரும்பும் என்று என்னிடம் பவ்வியமாகக் கேட்டார்கள். "எனக்கு உண்மையாகத் தெரியாது, எங்கள் ஊரில் வெங்காயம்தான்" என்றேன். ஒருவர் மற்றவருக்கு முழங்கையால் இடித்துச் சொன்னார்: "பார்த்தாயா, உண்மையான மீன்காரர்கள் ஒருபோதும் சொல்லமாட்டார்கள்."

டொனால்டின் ஒக்ரோபர்

கடைக்கு ஒழுங்காக வருகிறவர்களில் எனக்குப் பொறுமையாக விளக்கம் சொன்னவர் டொனால்ட். நகரத்தில் ஏதோ பெரிய ஒபிஸில் மனேச்சர். பிறந்தது நோவா ஸ்கோஷியாவில், அத்திலாந்திக் கரையில். ஒவ்வொரு ஒக்ரோபரும் ஒரு கிழமை லீவு போட்டு அங்கே போவார். படகில்லை, வலையில்லை, அலை உடைகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீளத் தடியால் வீசிப் பிடிப்பாராம். உடம்பில் கறுப்பு வரி ஓடுகிற பாஸ் மீன். புயல் வரும்போது சின்ன மீன்கள் அலையில் உருண்டு திசை தெரியாமல் கரைக்கு வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு வரி மீன் வெள்ளை நுரைக்குள்ளேயே வந்து நிற்கும். காற்று எழும்பத் தொடங்குகிற நேரமும், புயல் ஓய்ந்து தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கிற நேரமும்தான் நல்லது. நடுப் புயலில் போகிறவனுக்குச் சாதாளைப் பாசிதான் மாட்டும் என்பார். "இந்த ஏரியும் அப்படித்தான், யோகா. காற்று விழுந்த பிறகு, மண்தண்ணீரும் நீலத்தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் வீசு." நான் தூண்டிலைக் கையால் தூக்கியதே இல்லை. ஆனாலும் தலையாட்டிக் கேட்பேன்.

அந்த மீனைச் செல்லமாக 'ஸ்ட்ரைப்பர்' என்பார்கள். எனக்கு அது 'ஸ்ட்ரிப்பர்' என்று விழுந்தது. இவர், என் மனுசன், அப்போது நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிடம் உடுப்பைக் கழற்றி ஆடுகிற கிளப். ஆகவே அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே, "எங்கட கடைக்கு வாற ஒருத்தர், நல்ல மனுசன், ஒவ்வொரு வருசமும் மனுசியிட்டைச் சொல்லிப்போட்டு ஒரு கிழமை ஸ்ட்ரிப்பர் பிடிக்கப் போறவராம். புயல் அடிச்சால் அதுகள் தானாக் கரைக்கு வருமாம்" என்றேன். இவர் வாயில் வைத்த சோற்றை விழுங்கவில்லை. அது மீன் என்று இவருக்கும், சொல்லின் அர்த்தம் எனக்கும் விளங்கின பிறகு, டொனால்டின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அன்றைக்கு இவர் சொன்னது இதுதான்: "இஞ்சேரும், நாளையிலிருந்து உந்தக் கடைக்குப் போகவேண்டாம்."

மருதோண்டி

இவருடைய தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்பே கனடா வந்தவர். நகரத்தில் ஒரு ஒபிஸில் கணக்காளர்; பிக்கரிங்கில் வீடு; காலையில் ரை கட்டிக்கொண்டு ரெயினில் போகிறவர். நாங்கள் வந்திறங்கியபோது தன் வீட்டு நிலக்கீழ் அறையில் எங்களை இருத்திச் சாப்பாடு போட்டு, ஒவ்வொரு கந்தோருக்கும் காரில் ஏற்றி இறக்கியவரும் அவர்தான். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் நான் புழு விற்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பினார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "செய்யிறதைச் செய், பிள்ளை. வெளியில சொல்லாதை."

அந்த வருடம் நவராத்திரிப் பூசை மோர்னிங்சைட்டில் ஒரு அடுக்குமாடியின் விருந்து மண்டபத்தில் நடந்தது. எந்தக் கூட்டத்திலும் நான் கடைசி வரிசையில்தான் இருப்பேன். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையில் ஒரு மணம் நின்றது. ஒரு டொக்ரரின் மனைவி, "யோகா எங்கை வேலை செய்யிறா?" என்று அத்தானிடம் கேட்டார். "விளையாட்டுச் சாமான் கொம்பனி ஒண்டு. எக்கவுண்ட்ஸ் பக்கம்" என்றார் அத்தான், கண் இமைக்காமல். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா விடவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, மாலை கட்டிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துத் திருப்பினார். சினைச் சாயம் விரல் நுனிகளில் செம்மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. எல்லோரும் பார்க்க, என் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "மருதோண்டி எவ்வளவு வடிவாச் சிவந்திருக்குப் பாருங்கோவன்! எந்தக் கடையில வாங்கினனீங்கள் எண்டு எனக்கும் சொல்லுங்கோ."

ஹெல்காவின் கடல்

கொண்டல் அடித்துக் கடை வெறுமையாக இருந்த ஒரு பிற்பகல். தெருவின் அடியில் ஏரி சாம்பல் நிறத்தில் எழும்பி எழும்பி விழுவது தெரிந்தது. ஹெல்கா யன்னல் திரையை இழுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பொழுது போகாமல் கேட்டேன்: "இவ்வளவு காலமாகத் தூண்டில் விற்கிறாய், நீ ஒருநாளும் ஏரிக்குப் போனதை நான் காணவில்லையே?"

அவள் பத்தொன்பது வயதில், யுத்தத்தில், பட்டாளம் ஊருக்குள் வருகிறது என்று கேள்விப்பட்டு, திறந்த மீன்பிடிப் படகில் நாட்டை விட்டு வந்தவளாம். அதுவும் இலையுதிர் காலம்தானாம். படகில் ஏறும்போது தாயும் கூட இருந்தாள். சுவீடன் கரையில் இறங்கும்போது இருக்கவில்லை. கடை புருஷன் வைத்தது. அவன் போன பிறகு வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நடத்துகிறாள். இவ்வளவையும் நாலே வசனத்தில் சொன்னாள். தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு கலவரத்துக்குத் தப்பி வந்தவள்தான். அப்படியிருந்தும் பகிடியாகக் கேட்டுவிட்டேனே என்று உடம்பு கூசியது. ஹெல்கா சாம்பலைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "ஒரு தடவை போனேன், யோகா. போதும்."

பெரிய நாடு

அந்த ஒக்ரோபரில் டொனால்டுக்கு ஒபிஸில் வேலை கூடி, கடலுக்குப் போக லீவு கிடைக்கவில்லை. ஏரியாவது பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு வந்தார். இரண்டு நாளாக அடித்த கொண்டல் இன்னும் விழவில்லை. "மத்தியானத்துக்கு விழும், அதுவரை மணலில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார். கூட ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். தன் பிரிவில் வேலை செய்கிறவராம். மீன் பிடிக்க ஆசைப்பட்டாராம். அந்த ஆள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். பளபளவென்று மினுக்கின ஒபிஸ் சப்பாத்து. அத்தான்.

நான் மீன் சினை பூசின ஏப்ரனோடு, ஒரு கையில் புழுக் கப்போடு நின்றேன். அத்தானின் முகம் வெளிறிப்போனதைக் கண்டேன். அவருடைய மனேச்சர் என்னிடம்தான் ஒழுங்காக வருகிறார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "இவரும் சிலோன்தான்! உங்களுக்குள் தெரிந்திருக்குமே?" என்றார் டொனால்ட் சந்தோசமாக. அத்தான் முந்தட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தான் சுவரில் தொங்கிய ஸ்பூன்களை ஒவ்வொன்றாக வாசிக்கிற மாதிரிப் பார்த்தார். நான் சினை மூட்டைகளைப் பையில் போட்டு, "பியர்ப் பக்கம் போகவேண்டாம், சேர். அலை மேலால் அடிக்குது" என்று அத்தானின் சப்பாத்தைப் பார்த்து இங்கிலிசில் சொன்னேன். மரியாதைக்குச் சேர் என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்கவில்லை. போகும்போது டொனால்ட் இன்னொரு முறை கேட்டார், உண்மையாகவே தெரியாதா என்று. அத்தான் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "இல்லை, டொனால்ட். எங்கள் நாடு பெரிய நாடு."

தொப்பி

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஓட்டுகிற ஒரு வாடிக்கைக்காரர் நனைந்துபோய் உள்ளே வந்தார். கோப்பி கேட்டார். கையைச் சூடாக்கிக்கொண்டு, "பியரில் ஒரு ஆளை அலை அடித்துவிட்டது. உங்கள் நாட்டு மனிதர் போல. ரை கட்டியிருந்தார்" என்றார். "எழும்பினாரா?" என்று கேட்டேன். "விளிம்பு வரை வழுக்கிக்கொண்டு போனதைக் கண்டேன். பிறகு ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள்." என் கையிலிருந்த நூல்கட்டை விழுந்து கவுண்டருக்குக் கீழே உருண்டது. "ஹெல்கா, அது என் மனுசனுடைய தமையன்" என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். காலையில் மனேச்சருக்கு முன்னால் நடந்ததை அவளும் கண்டவள்தான். காற்று விழுந்த கையோடு வருசத்திலேயே ஆள் கூடப்போகிற சனிக்கிழமை, கடையைப் பூட்டி, வான் வண்டித் திறப்பை எடுத்தாள். ஏரிக்குப் போகாத ஹெல்கா அலை தெரிகிற இடம் வரை ஓட்டினாள். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து இருந்துவிட்டாள். நான் குதித்து ஓடினேன்.

"அத்தான்! அத்தான்!" என்று கத்திக்கொண்டு மணலில் ஓடினேன். காற்று சொல்லை வாயிலேயே திருப்பி அடைத்தது. அவர் ஒரு மரக்குற்றியில் இருந்தார். கண்ணாடி இல்லை, ஒரு சப்பாத்து இல்லை, முழங்காலில் இரத்தம், பல் கிடுகிடுவென்று அடித்தது. டொனால்டின் தொப்பி காற்றில் பறந்து அணை மேல் விழுந்திருக்கிறது. டொனால்ட் விடு விடு என்று கத்தக் கத்த, மனேச்சரின் தொப்பியாச்சே என்று அத்தான் ஓடியிருக்கிறார். அலை ஒன்று வந்து ஆளைப் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போக, கப்பல் கட்டுகிற இரும்பு வளையத்தில் கை மாட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காலில் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். நான் என் கோட்டைக் கழற்றி அவரைச் சுற்றிப் போர்த்தினேன். மீன் மணக்கிற கோட். கண் தெரியாமல் என் கையைத் தடவிப் பிடித்தார். "பிள்ளை, நீயோ? பிள்ளை, நீயோ?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். ஓம் அத்தான், நான்தான் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டொனால்ட் யாரிடமோ சூடாகக் குடிக்க வாங்கிக்கொண்டு மணலில் வந்தார். அவருடைய சத்தம் கேட்டதும் அத்தானின் கை என் கையை விட்டது. "இவள் தூரத்திலிருந்தே ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தாளே, அத்தான், அத்தான் என்று. என்ன அது?" என்று கேட்டார் டொனால்ட். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாமல் பார்த்தாலும் தெரிந்திராது. அவர் சொன்னதைக் கேட்டு நான் ஓம் என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது: "எங்கள் பாஷையில் 'சேர்' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்."

மரியாதைச் சொல்

அடுத்த சனிக்கிழமை டொனால்ட் என் கோட்டைச் சலவைக்குக் கொடுத்து, மடித்து, உறையில் போட்டுக் கொண்டுவந்தார். கவுண்டருக்கு முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, கொஞ்சம் குனிந்து, "குட் மோர்னிங், அத்தான்" என்றார். நான் திகைத்துப்போனேன். தான் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பழகியதாகவும் சொன்னார். ஹெல்காவுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. வாயில் நல்லாக உருளுகிறது என்றாள். அன்றிலிருந்து சாமான் வாங்கின ஒவ்வொரு ஆளுக்கும் மிச்சக் காசைக் கொடுத்து "தாங்க்யூ, அத்தான்" என்று அனுப்பத் தொடங்கினாள். தாடி வைத்த லொறிக்காரர்கள், பச்சை குத்தின இளந்தாரிகள், நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டை போட்ட கிழவர்கள் எல்லோரும் எனக்கு அத்தான் ஆனார்கள். திருத்தினால், உண்மையான அத்தான் ஏன் பொய் சொன்னார் என்று கேட்பார்கள். திருத்தாவிட்டால் நாள் முழுக்கக் காது கூசும். நான் பின்னறையில் இருந்து சினை கட்டினேன்.

டொனால்ட் போகும்போது பின்னறைக் கதவில் தட்டி, நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்: "அவரையும் ஒபிஸில் இப்போது நாங்கள் எல்லோரும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு தரமும் முகம் சிவந்துபோகிறார். எவ்வளவு அடக்கமான மனிதர்!"

ஒரு கப் புழு

இரண்டு கிழமை கழித்து அத்தான் தனியே கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடி. உள்ளே கால் வைக்கவில்லை, ஹெல்கா "குட் மோர்னிங், அத்தான்!" என்று கூவினாள். மனிதர் திரும்பி ஓடத்தான் பார்த்தார். பிறகு வந்து, புழு வைக்கிற பிறிட்ஜுக்கு முன்னால் நின்று கண்ணாடிக் கதவைத் துடைத்தார். தம்பி சுகமோ என்று கேட்டார். சுகம் என்றேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். ஏதோ சொல்ல வந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் வரிசையில் நின்ற ஆள் இருமினார். அத்தான் கடை முழுக்கக் கேட்கத் தமிழில் சொன்னார்: "உதில ஒரு கப் தா, பிள்ளை."

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். வருவார், நிற்பார், தம்பியை விசாரிப்பார், ஒரு கப் புழு வாங்குவார், போவார். அவரிடம் தூண்டிலே கிடையாது.

பிக்கரிங்கிலிருந்து ரெலிபோன்

குளிர் இறங்கத் தொடங்கின ஒரு நாள், அத்தானின் மனுசி கடைக்கு ரெலிபோன் எடுத்தா. ஒருநாளும் எடுக்காதவ. "யோகா, உங்கட அத்தானுக்கு என்ன நடந்தது? பிறிட்ஜில மேல் தட்டு முழுக்கப் புழு. கேட்டால், யோகான்ர கடைச் சாமான், எறியக் கூடாதாம். தானும் தொடமாட்டார். எனக்குப் பால் எடுக்கவே பயமாக் கிடக்கு. நீர் ஒருக்கா வந்து கொண்டுபோம்" என்றா. குரல் பாதி அழுகை, பாதி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரிய மனுசன் மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் புழு வாங்கி அடுக்கியிருக்கிறார். நான் ஒவ்வொரு சனியும் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, "தாங்க்யூ, சேர்" என்று சொல்லாத குறையாக அவரை அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் இவரும் போனோம். நான் கப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்தேன். நிலம் உறைய முன்னம் இதுகளை மண்ணுக்குள் விடவேணும் என்றேன். அத்தான் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி, றோசாச் செடிப் பாத்தியைத் தானே கொத்தினார். இவரும் அத்தானின் மனுசியும் குசினிக் கதவடியில் நின்று பார்த்தார்கள். நான் ஒவ்வொரு கப்பாகக் கவிழ்த்தேன். மூடி திறந்த உடனே அதுகள் மண்ணுக்குள் போய்விட்டன. அத்தான் நிமிரவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழமை டொனால்டைக் கூப்பிட்டு, அது என்ர தம்பியின்ர மனுசிதான், நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை. ஆனால் சொல்லி என்ன, ஒபிஸ் முழுக்க இப்பவும் அத்தான் எண்டுதான் கூப்பிடுது."

எண்பத்தெட்டில் நான் அந்த வேலையை விட்டபோது காற்றைப் பற்றி வடிவாகக் கதைக்கக் கற்றிருந்தேன், ஆனால் 'எங்கை வேலை செய்தனீங்கள்?' என்று யாராவது கேட்டால் முகம் சிவக்காமல் பதில் சொல்ல மட்டும் இன்றுவரை கற்கவில்லை.